நாடி எத்தனை என்று எழுதுங்கள்

பேராதனை
2025 மார்ச் 2

அன்புள்ள அப்பா,

பத்திரமாக அறைக்கு வந்து சேர்ந்தேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. அம்மாவைப் பற்றிக் கேட்க நேற்று வீட்டுக்குப் போன் எடுத்தால், மொனராகலையில் இருக்கிற சித்தப்பா பேசுகிறார். "போன் இப்ப என்கிட்டதானேம்மா இருக்கு. அண்ணி படுத்திருக்கிற காம்பராவுல அது இருந்தா ஆகாதுன்னு ஒங்கப்பா குடுத்து விட்டுட்டாரு" என்றார்.

போனை அம்மாவின் நெஞ்சுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம் என்றுதான் நர்ஸ் சொன்னார். ஊரை விட்டு அனுப்பச் சொல்லவில்லை. எனக்குக் கோபம் வருகிறது அப்பா. பெரகல சந்தியில் புஹாரி நானாவின் கடைக்குப் போன் எடுத்து உங்களைக் கூப்பிடலாம்தான். ஆனால் கடையில் ஆட்கள் நிற்கும்போது நீங்கள் "ஆமா, சரி, வச்சிர்றேன்" என்பதற்கு மேல் பேசமாட்டீர்கள். எனக்கும் போனில் கோபப்படத் தெரியாது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்று சொல்லிவிட்டுப் பிறகு அழுவேன். அதனால் எழுதுகிறேன். கடை விலாசத்துக்கே அனுப்புகிறேன்.

டாக்டர் சிங்களத்தில் சொன்னதை மறுபடியும் சொல்கிறேன். இதயத்தின் மேல்பகுதியில் பிறக்கும் மின்துடிப்பு கீழ்ப்பகுதிக்கு வருவது அம்மாவுக்கு நின்றுவிட்டது. அதனால்தான் கொழுந்து எடுக்கும்போது விழுந்தார். இடது தோளுக்குக் கீழே தோலுக்குள் வைத்திருக்கும் பெட்டி, ஒரு மெல்லிய கம்பி வழியாக இதயத் தசைக்கு மிகச் சிறிய மின்சாரம் அனுப்புகிறது. தசை அதை வாங்கிக்கொண்டு சுருங்குகிறது. கம்பியின் நுனி தசையில் நன்றாக ஊன்ற ஆறு கிழமை, அதாவது நாற்பத்திரண்டு நாள், வேண்டும். அதுவரை இடது கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. அந்தத் தோளில் எதையும் மாட்டக் கூடாது.

தினமும் காலையில் நாடியை ஒரு நிமிடம் எண்ணுங்கள். வார்டில் காட்டித் தந்தேனே, அப்படி. எத்தனை என்று எழுதுங்கள்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

உங்கள் மகள்
தனுஜா


தோட்டம்
மார்ச் 9

என் அன்பு மகள் தனுஜாவுக்கு,

இந்தப் பக்கம் வெயிலும் பனியுமாக இருக்கிறது. நாங்கள் சுகம். அம்மாவும் சுகம். நீ வேளைக்குச் சாப்பிடு.

உன் கடிதத்தைக் கடையில் நின்றே வாசித்தேன். கோபமாக எழுதியிருந்தாய். நீ படித்த பிள்ளை. ஆனால் அந்தப் பெட்டிக்குள் ஓடுவது கரண்டு. கரண்டைக் கரண்டு இழுக்காதா? அம்மா படுக்கிற இடத்துக்கு மேலே இருந்த பல்பைக் கழற்றிவிட்டேன். டிவியைப் பக்கத்துக் காம்பராவுக்குக் கொடுத்தாயிற்று. சுவிட்ச் போடுவதுகூட நான்தான்.

நம் லயத்து வரிசையில் எல்லா வீட்டு ஆட்களும் வந்து பார்த்தார்கள். பாக்கியலெட்சுமி அக்கா, "ஏன்டி கலா, ஒன் நெஞ்சுல வயரச் சொருவி எங்க டோர்ச்சுக்குச் சார்ஜ் ஏத்திக்கிறவா?" என்று கேட்டார். அதற்கு அம்மா, "மொதல்ல மீட்டர மாட்டிட்டு ஏத்து. பில்லு ஒனக்குத்தான் வரும்" என்றாள். சிரித்தால் தையல் வலிக்கிறதாம். மற்றபடி நல்லம்.

கார்த்திகை மழையில் லயத்துக்குப் பின்னால் மண் வெடித்தது உனக்குத் தெரியும். இப்போது அந்த வெடிப்புக்குள் கை நுழைகிறது. கீழே ரோட்டோரம் புது வீடு கொடுக்கப் போகிறார்களாம். வேலைக்கு ஆள் பிரிக்கிற காலைப் பெரட்டில் பேர் கூப்பிடுகிற ஆட்களுக்கு மட்டும்தானாம். என் பேரைப் போன வருடமே வெட்டிவிட்டார்கள். சரி, அதை விடு.

நாடி நாளைக்கு எண்ணுகிறேன்.

அப்பா
வீரசிங்கம்


பேராதனை
மார்ச் 14

அன்புள்ள அப்பா,

நான் நலமாக இருக்கிறேன், சாப்பிடுகிறேன். அம்மா சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு சொல்லிலிருந்து எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நாடி எத்தனை?

பல்பைத் திரும்ப மாட்டுங்கள். அம்மா இருட்டில் தடுக்கி விழப்போகிறார். வீட்டுக் கரண்டு சுவரை விட்டு இறங்கி வந்து யாரையும் பிடிக்காது. பெட்டியில் இருப்பது ஒரு சின்ன பேட்டரி.

இந்தக் கிழமை ஆய்வுகூடத்தில் முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு ஒரு செய்முறை காட்டினேன். தேரையின் இதயத்தை வெளியே எடுத்தாலும் அது கொஞ்ச நேரம் துடிக்கும். அதற்கு மெல்லிய மின்சாரம் கொடுத்தால் ஒன்றுமே நடக்காது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போனால் ஓர் இடத்தில் முழுதாகச் சுருங்கும். அதற்கு மேல் எவ்வளவு கூட்டினாலும் அதே அளவுதான் சுருங்கும். ஒன்றில் முழுப் பதில், இல்லாவிட்டால் பதிலே இல்லை. முதல் தடவை இதைப் பார்த்தபோது எனக்குப் பெரிய அதிசயமாக இருந்தது. இந்த முறை பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிள்ளைகள் பார்த்துவிட்டார்கள். "மிஸ்ஸுக்குத் தேரை பயம்" என்று ஒருவன் பின்னால் சொன்னது கேட்டது. வகுப்பிலும் எனக்கு வாய் வராது.

புது வீட்டைப் பற்றி எழுதிவிட்டு "அதை விடு" என்று ஏன் எழுதினீர்கள்?

அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தனுஜா


தோட்டம்
மார்ச் 24

அன்பு மகளுக்கு,

பதில் பிந்திவிட்டது. இங்கே கொஞ்சம் வேலை. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நாடி அறுபது. நேற்றும் அறுபது. கடையில் புஹாரி நானாவின் மணிக்கூட்டை இரவல் வாங்கி வந்து எண்ணினேன். பல்பை மாட்டச் சொல்லி அம்மாவும் சண்டை பிடிக்கிறாள். இந்த மாதம் போகட்டும்.

பேர் போடுகிற கணக்கப்பிள்ளை ஐயா லயத்துக்கு வந்து போனார். வீடுகளுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது. இரண்டு அறை, சமைக்கத் தனிக் குசினி. அம்மா மலைக்குப் போகவில்லை. வீட்டில்தான் இருக்கிறாள். ஒன்றுக்கும் யோசிக்காதே.

வருடப்பிறப்புக்கு எத்தனையாம் தேதி வருகிறாய்?

அப்பா


பேராதனை
மார்ச் 29

அப்பா,

அம்மா மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகிறாரா என்று நான் கேட்கவே இல்லை. நீங்களாகவே போகவில்லை என்று எழுதினீர்கள். அதை வாசித்த உடனே ஜிப்னாவுக்குப் போன் எடுத்தேன். புஹாரி நானாவின் மகள் எனக்குப் பொய் சொல்லமாட்டாள் என்று உங்களுக்குத் தெரியும்.

"நான் ஒனக்குச் சொல்லணும்னுதான் இருந்தேன் தனு. ஒங்கம்மா ரெண்டு கிழமையா வேலைக்குப் போறாங்க. நேத்து கொழுந்து நிறுக்கத் தராசுக்குப் போறப்ப கண்டேன். சாக்க எடது தோள்ல மாட்டிருந்தாங்க. 'என்ன மாமி இது'ன்னு கேட்டேன். 'ஒன் கூட்டாளிக்குச் சொல்லிராத'ன்னாங்க" என்றாள்.

இடது தோளில் அப்பா. பெட்டியின் மேலேயே சாக்கின் வார்.

போனை ஏன் அனுப்பினீர்கள் என்று எனக்கு இப்போது விளங்குகிறது. கரண்டுக்குப் பயந்து இல்லை. நான் போன் எடுக்கும் நேரத்தில் அம்மா வீட்டில் இருக்கமாட்டார் என்பதற்காக. பல்பிலிருந்து காப்பாற்றிய ஆளின் தோளில் பச்சைக் கொழுந்தை ஏற்றி அனுப்புகிறீர்கள். ஆஸ்பத்திரியில் நீங்கள் டாக்டரைக் கும்பிட்டு அழுததை நான் பார்த்தேன். அந்த அழுகையும் பொய்யா?

வருடப்பிறப்புக்கு வரமாட்டேன்.

நீங்கள் நலம் விசாரிக்க வேண்டாம். நாடியை மட்டும் எழுதுங்கள்.

தனுஜா


தோட்டம்
ஏப்ரல் 2

மகள் தனுஜாவுக்கு அம்மா எழுதுறது,

எழுத்து சரியில்லாட்டி மன்னிச்சிக்க. அஞ்சாம் வகுப்புக்குப் பிறகு நான் பேனா பிடிச்சது ஒன் ரிப்போட்டுல கையெழுத்து வைக்கத்தான்.

ஒங்கப்பாவுக்கு எழுதினதக் கண்டேன். அதை வாசிச்சிட்டு மனுசன் ரெண்டு நாளா சாப்பிடல்ல. அவரு என்னைய அனுப்பல்ல. நானாத்தான் போனேன். பேர் வெட்டுப்பட்டா வீடு இல்ல. வர்ற மழைக்கு அந்த மண்ணு கீழ வந்தா, நெஞ்சுக்குள்ள கம்பி இருந்து என்ன, இல்லாட்டி என்ன. ஆஸ்பத்திரியால வந்த அன்னைக்கே போறதுன்னு முடிவு பண்ணிட்டேன், போன அனுப்பச் சொன்னதும் நாந்தான். ஒன் குரலக் கேட்டா நான் உண்மையச் சொல்லிருவேன்.

எடது கைய நான் தூக்கல்ல. சேலைத் தலைப்பால இடுப்போட கட்டிக்கிட்டு ஒத்தக் கையாலதான் கொழுந்து எடுக்குறேன். வலது கையால எடுத்துப் போடணும்னா சாக்கு எடது பக்கந்தான் தொங்கணும். கயித்தத் தலையில மாட்டினா கழுத்து இழுக்குது. பெட்டிக்கு மேல துவாய மடிச்சு வச்சிருக்கேன். ஒத்தக் கைக்கு அரைப்பேர்தான் போடுறாங்க, அரைநாள் சம்பளம். அரையோ முழுசோ, பேர் பேர்தான்.

ஒனக்கு மட்டுந்தான் கோபம் வரும்னு நெனக்காத. என் நெஞ்சப் பத்தி டாக்டர் ஒன்கிட்ட சொல்றாரு. நீ அப்பாவுக்கு எழுதுற. அப்பா ஒனக்கு எழுதுறாரு. ஒவ்வொரு கடுதாசி முடிவுலயும் எனக்கு ஒரு வரி, அம்மாவ விசாரிச்சதாச் சொல்லுங்கன்னு. நான் வாசிக்கத் தெரியாதவளா?

வருசத்துக்கு வா. வராட்டிப் போ.

கலாராணி


பேராதனை
ஏப்ரல் 6

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. உங்களுக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதற்கு ஒரு காரணமும் என்னிடம் இல்லை. இப்போது எழுதுகிறேன்.

கம்பியின் நுனி உங்கள் இதயத்துக்குள் ஒரு கொடியின் வேர் மாதிரி இப்போதுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. நீங்கள் துவாயை மடித்து வைத்தாலும் சாக்கின் பாரம் பெட்டியைக் கீழே இழுக்கும். பெட்டி கம்பியை இழுக்கும். நுனி தசையை விட்டு விலகினால் பெட்டி அதன்பாட்டில் மின்சாரம் அனுப்பிக்கொண்டே இருக்கும். கேட்பதற்குத் தசை அங்கே இருக்காது.

மண் வெடிப்பை நான் மறக்கவில்லை. நான் வந்து கணக்கப்பிள்ளையிடம் பேசுகிறேன் என்று எழுத ஆசைதான். அவர் முன்னால் நின்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று உங்களுக்கும் தெரியும். டாக்டரிடம் ஒரு துண்டு எழுதி வாங்கித் தருகிறேன். அது என் பதிலாகப் பேசட்டும்.

அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. நீங்களாகப் போனாலும் அவர் தடுத்திருக்க வேண்டும். இனி மலைக்குப் போகவில்லை என்று இரண்டு பேரும் எழுதுங்கள். அடுத்த பஸ்ஸில் வருகிறேன். அதுவரை வரமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்கமாக எழுதுவார்கள். தயவுசெய்து பாருங்கள்.

தனு


தோட்டம்
ஏப்ரல் 10

அன்பு மகளுக்கு,

கோபம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன். அம்மாவுக்கு நீ எழுதியது கிடைத்தது. தலையணைக்குக் கீழே வைத்திருக்கிறாள். நேற்றிலிருந்து அம்மா மலைக்குப் போகவில்லை. இது உண்மை, சாமி சத்தியமாக.

நல்ல செய்தி இரண்டு இருக்கிறது. புது வீட்டுக்கு அம்மாவின் பேரை எடுத்துக்கொண்டார்களாம். எந்த வீடு யாருக்கு என்று இருபதாம் தேதி குலுக்கிப் போட்டு எடுக்கப்போகிறார்கள்.

அடுத்தது நாடி. நீ கேட்டபடி தினமும் எண்ணுகிறேன். அறுபதிலேயே நின்றது, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து இறங்கத் தொடங்கியிருக்கிறது. ஐம்பத்திரண்டு, நாற்பத்தாறு, இன்றைக்கு நாற்பது. எனக்குப் பெரிய ஆறுதல். எனக்குப் பிரஷர் இறங்கியபோது டிஸ்பென்சரி ஐயா எவ்வளவு சந்தோசப்பட்டார் தெரியுமா? பாக்கியலெட்சுமி அக்காவுக்குச் சீனி இறங்கியபோதும் அப்படித்தான். அம்மாவுக்கும் மருந்து பிடித்துவிட்டது. நாள் முழுக்க நல்ல தூக்கம். எழுந்தால் தலை சுற்றுகிறது என்கிறாள். படுத்தே கிடந்தால் அப்படித்தான் இருக்கும்.

பண்டிகைக்குத் தபால் கந்தோர் மூடிவிடும். அதற்கு முன்னால் போட்டுவிட வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன். வருடப்பிறப்புக்கு நீ இல்லாதது எங்களுக்குக் குறைதான்.

அப்பா


பதுளை ஆஸ்பத்திரி
ஏப்ரல் 20

அப்பா,

நேற்று வார்டு வாசலில் நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் நின்றீர்கள். நானும் ஒன்றும் பேசவில்லை. இன்றைக்குக் காலையில் வீட்டுக் குலுக்கல் என்று பஸ் ஏறிவிட்டீர்கள். அம்மாதான் போகச் சொன்னாராம். சொன்னால் போய்விடுவீர்களா? பேசாததை எல்லாம் எழுதி இந்தக் கடிதத்தைப் பெரகல பஸ்ஸில் கடைக்குக் கொடுத்து விடுகிறேன்.

உங்கள் கடிதம் பண்டிகை முழுக்கத் தபாலில் கிடந்து பதினேழாம் தேதிதான் என் கைக்கு வந்தது. நாற்பது என்ற இடத்தை வாசித்த உடனே கடைக்குப் போன் எடுத்தேன். மலையில் விழுந்த அன்றைக்கு அம்மாவுக்கு நாடி முப்பத்துநாலு. நான் போனில் கத்தினேன் அப்பா. என் வாழ்க்கையில் முதல் தடவை. புஹாரி நானா பாவம், "சரி மகள், சரி மகள், இந்தா வேன எடுக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினார்.

மறுநாள் காலையில் நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது ஈசிஜி எடுத்திருந்தார்கள். தாள் முழுக்கப் பெட்டி அனுப்பிய மின்சாரத்தின் கோடுகள் வேலிக் கம்பு மாதிரி ஒழுங்காக நின்றன. ஒரு கோட்டுக்குப் பின்னாலும் இதயம் பதில் சொன்ன அலை இல்லை. பெட்டி தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. கம்பி விலகிக் கிடந்திருக்கிறது. இதயம் அதன் சொந்தப் பலத்தில் நாற்பது தடவை மட்டும் துடித்திருக்கிறது.

அன்று மத்தியானம் அதுவும் குறைந்தது. நெஞ்சிலும் முதுகிலும் இரண்டு பெரிய ஒட்டுகளைப் போட்டு வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தார்கள். திரையின் இடைவெளியில் பார்த்தேன். முதலில் ஒன்றுமே இல்லை. டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். ஒவ்வொன்றுக்கும் அம்மாவின் தோள் துள்ளியது. ஊசி போட்டிருந்தும் "ஐயோ, அடிக்கிறாங்க" என்று முனகினார். தேரைக்குக் கூட்டிய அதே மாதிரி. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு, பதில் சொல், பதில் சொல் என்று என் அம்மாவின் இதயத்தைப் பார்த்துக் கெஞ்சினேன். ஓர் இடத்தில் கோட்டுக்குப் பின்னால் ஓர் அலை வந்தது. பிறகு எல்லாக் கோட்டுக்கும்.

கம்பியை நேற்று மறுபடி வைத்தார்கள். இனி மலை வேலை கூடாது என்று டாக்டர் துண்டு எழுதித் தந்திருக்கிறார்.

நாற்பதை நல்ல செய்தி என்று எழுதினீர்கள். உங்களோடு எப்படிப் பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

தனுஜா


தோட்டம்
ஏப்ரல் 26

தனுஜாவுக்கு,

அம்மாவைப் பத்திரமாகக் கொண்டுவந்து விட்டுவிட்டு, ஒரு வாய் தேத்தண்ணி குடிக்காமல் போனாய். நேரே சொல்ல எனக்கும் வரவில்லை. உன் வாய் என்னிடமிருந்துதான் வந்தது.

நான் எண்ணியது பிழை இல்லை. நாற்பது என்றால் நாற்பதுதான் இருந்தது. நான் மறைக்கவும் இல்லை. நாடி எத்தனை என்று எழுதுங்கள் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்டாய். குறைந்தால் ஆபத்து என்று ஒரு வரி எழுதினாயா? தேரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதினாய்.

நீ ஏசியதை எல்லாம் வாங்கிக்கொண்டேன். இதை மட்டும் என்னால் வாங்க முடியவில்லை. அதனால் எழுதினேன்.

குலுக்கலில் ஏழாம் இலக்க வீடு நமக்கு விழுந்தது. டாக்டர் துண்டைக் கண்டதும் கணக்கப்பிள்ளை ஐயா சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். வேலைக்கு வர முடியாத ஆளுக்கு வீடு இல்லையாம்.

நாடி அறுபது.

வீரசிங்கம்


தோட்டம்
ஜூன் 8

மகள் தனுவுக்கு,

ஒன் கடுதாசிகள் கெடச்சுது. இப்பல்லாம் எனக்கே எழுதுற, சந்தோசம். அறுபதுக்குக் கீழ போனா ஒடனே போன் பண்ணச் சொல்லி நீ பெரிய எழுத்துல எழுதினத அப்பா கதவுல ஒட்டி வச்சிருக்காரு. மொனராகலைக்குப் போயி போனையும் வாங்கிட்டு வந்துட்டாரு. பல்பும் மாட்டியாச்சு. ஆனா நீ அவருக்கு எழுதவே இல்ல. ஆறு கிழமையாச்சு. அவரும் வாய் தொறந்து கேக்கல்ல. தபால் வந்தா மொதல்ல கவரப் பார்க்கிறாரு. நீங்க ரெண்டு பேரும் ஒரே சாதிப் பிடிவாதம். நீ செஞ்சதும் பிழை, அவரு செஞ்சதும் பிழை, நான் செஞ்சதும் பிழை. எழுது.

நேத்துக் காலைல பெரட்டுக்குப் போனேன். பயப்படாத, சாக்கு கொண்டு போகல்ல. ஏழாம் நம்பர் வீட்டுச் சாவியக் கேக்கப் போனேன். எல்லாரும் நிக்கிறாங்க. கணக்கப்பிள்ளை சிரிச்சிக்கிட்டே, "நெஞ்சுல மெஷின் வச்சிக்கிட்டு நிக்கிற. மெஷினுக்கெல்லாம் பேர் போட ஏலாது கலாராணி" அப்படின்னாரு.

"மெஷினுக்குப் போட வேணாங்க ஐயா. மெஷின் வைக்கிற அளவுக்கு இந்த மலையில ஏறி எறங்கின ஆளுக்குப் போடுங்க. ஒத்தக் கையால நான் எடுத்த கொழுந்த நிறுத்து எடுத்துக்கிட்டீங்கதானே? அப்ப எங்க போச்சு இந்தச் சட்டம்?" அப்படின்னேன். சத்தமாத்தான் சொன்னேன்.

பாக்கியலெட்சுமி சாக்கக் கீழ போட்டுட்டு, "அவ சாவிக்கு ஒரு பதிலச் சொல்லிட்டு எங்க பேரக் கூப்பிடுங்க" அப்படின்னா. ஒவ்வொருத்தியா சாக்கக் கீழ வச்சாங்க. அந்தாளு பேர் கூப்பிடாமலே ஆபீசுக்குப் போயிட்டாரு. பதினாறாந் தேதி திங்கட்கிழமை தோட்டத்துப் பெரிய துரைய நான் வந்து பார்க்கட்டாம்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஒடம்பெல்லாம் கொதிச்சுது. உக்காந்து நாடியப் பிடிச்சுப் பார்த்தேன். அறுபது. முந்தியெல்லாம் கோபம் வந்தா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கும். அது அடங்குறவரைக்கும் பேசாம நிப்பேன். அடங்கினா கோபமும் போயிரும், சொல்ல வந்ததும் போயிரும். இருபத்தெட்டு வருசம் அப்படியே போச்சு. இப்ப இந்தப் பெட்டி அறுபதுக்கு மேல அடிக்கவே மாட்டேங்குது. அது அதுபாட்டுக்கு ஒரே மாதிரி தட்டிக்கிட்டு இருக்கு. கோபத்துக்கு அங்க எடமில்ல. வாய்க்குத்தான் வருது.

திங்கக்கெழமை நீ வா. பேச வேணாம், ஒனக்கும் அப்பாவுக்கும் வராது. நான் பேசுறேன். ரெண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமா வந்து நில்லுங்க.

அம்மா
கலாராணி